உங்கள் பழைய காரை ஆன்லைனில் வாங்கிக்கொள்ளும் சேவைகள்: சொன்ன விலை கைக்கு வருமா?

பதிவெண்ணையும் ஓடிய கிலோமீட்டரையும் கொடுத்த உடனே விலை சொல்லிவிடுவதுதான் இந்தச் சேவைகளின் பெரிய வசதி. ஆனால் அது குறையே இல்லாத வண்டிக்குப் போட்ட கணக்கு. பரிசோதிக்க ஆள் வந்த பிறகுதான் உண்மையான பேரம்.

அவர் கையில் பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி இருக்கும். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரான். ஒரு கதவில் மட்டும் 300-ஐத் தாண்டினால் பட்டி பார்த்தது தெரிந்துவிடும். எனவே விற்பதற்காகவே டிங்கரிங் செய்வது வீண் செலவு. டாஷ்போர்டில் எரியும் எஞ்சின் எச்சரிக்கை விளக்கை ஸ்கேனரால் அழிப்பதும் பலிக்காது. எஞ்சினின் சுயசோதனைகள் முடியவில்லை என்று ஓபிடி (காரிலேயே இருக்கும் கோளாறு கண்டறியும் அமைப்பு) காட்டிக்கொடுத்துவிடும். விலையைத் தாங்கிப் பிடிப்பவை சர்வீஸ் பில்கள், இரண்டாவது சாவி, சுத்தமான உட்புறம்.

ஒரே வாரத்தில் மூன்று இடங்களில் எழுத்தில் விலை வாங்குங்கள். “கண்டிஷன் சரியில்லை” என்று மொத்தமாகக் குறைத்தால் ஏற்காதீர்கள். டயருக்கு எவ்வளவு, கிளட்ச்சுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். பிடித்தத்தில் ஒரு பகுதி அங்கேயே கரையலாம்.

அவசரமில்லை என்றால் நேரடியாக வாங்குபவரே பெரும்பாலும் கூடுதல் தருவார், அலைச்சலும் கூடும். எங்கே விற்றாலும், பணம் கணக்கில் ஏறிய பிறகே சாவியும் கையெழுத்தும்.