மேசைக் கணினியில் டெலிகிராம்: ஒரு பக்க வடிவமைப்பாளரின் அனுபவம்

டெலிகிராம் என்றதும் நம் ஊரில் பலருக்கும் புதுப்படம் திருட்டுத்தனமாக வெளியாகும் இடம்தான் நினைவுக்கு வரும். அது பொய்யில்லை. பகுதிநேர வேலை தருகிறோம் என்று ஆசைகாட்டிப் பணம் பறிக்கும் கூட்டமும் அங்கே உண்டு. நான் அதை வைத்திருப்பது புத்தகப் பக்க வடிவமைப்பு வேலைக்காக. எழுத்தாளர், மெய்ப்புப் பார்ப்பவர், அட்டை வரைபவர், அச்சகம் என்று நாலு திசையிலிருந்தும் கோப்புகள் வந்து குவியும் தொழில் இது. நாள் முழுவதும் விண்டோஸ் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவன் நிமிடத்துக்கொரு முறை கைப்பேசியை எடுத்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. ஆகவே டெலிகிராம் டெஸ்க்டாப் பல ஆண்டுகளாக என் திரையின் ஓரத்தில் திறந்தே இருக்கிறது. அதில் வந்து சேர்ந்த வசதிகளில் எவை வேலைக்கு ஆயின, எவை ஆகவில்லை என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் என்னை இழுத்தது கைப்பேசியின் தயவு தேவையில்லை என்பதே. உரையாடல்கள் நிறுவனத்தின் சர்வர்களில் இருப்பதால், கைப்பேசி அணைந்து கிடந்தாலும் கணினியில் எல்லாம் வந்துகொண்டிருக்கும். வாட்ஸ்அப்பில் 2021 வரை கைப்பேசியில் இணையம் போனால் கணினியிலும் போய்விடும். இந்த வேறுபாடு இன்று குறைந்துவிட்டது. ஆனாலும் கோப்புகளைக் கையாளும் விதத்தில் டெலிகிராம் இன்னும் ஒருபடி மேலே நிற்கிறது என்பது என் கணிப்பு.

ஒரு படத்தை மவுஸால் இழுத்து உரையாடலின் மேல் கொண்டுவந்து பாருங்கள். சாளரம் மேலும் கீழுமாக இரண்டு கட்டங்களாகப் பிரியும். மேல் கட்டத்தில் விட்டால் படம் சுருங்காமல் கோப்பாகவே போகும். கீழ்க் கட்டத்தில் விட்டால் சுருங்கி, பார்ப்பதற்கு வசதியான படமாகப் போகும். எங்கள் தொழிலில் இந்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவே இருக்கும் கோடுதான் உயிர்நாடி. டெமி அளவுப் புத்தகத்தின் உயரம் எட்டரை அங்குலம். அட்டைப்படம் அச்சில் தெளிவாக வர அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். அதாவது உயரத்தில் மட்டும் 2550 பிக்சல். சாதாரணமாகச் சுருங்கிப் போகும் படமோ 1280 பிக்சலுக்குள் அடங்கிவிடும். கைப்பேசியில் பார்த்தால் பளிச்சென்று இருக்கும், அச்சில் ஏறினால் முகமெல்லாம் மாவாகத் தெரியும். புதிதாக வரும் எழுத்தாளர்களிடம் ஆசிரியர் புகைப்படம் கேட்கும்போது நான் சொல்லும் ஒரே விதி, ‘மேல் கட்டத்தில் விடுங்கள்’ என்பதுதான். கோப்பின் அளவு 2020லிருந்து 2 ஜிபி வரை போகலாம். படங்கள் நிறைந்த புத்தகத்தின் முழுக் கோப்புறையையும் சுருக்கி ஒரே பொதியாக அனுப்பினாலும் அதற்குள் அடங்கிவிடுகிறது. 2022 ஜூனில் வந்த கட்டணச் சந்தா எடுத்தால் அது 4 ஜிபி ஆகும். எனக்கு அதற்குத் தேவை வரவில்லை.

அடுத்தது திருத்தம். அனுப்பிய செய்தியைத் திருத்தும் வசதி 2016லேயே வந்துவிட்டது. கணினியில் அதன் அருமையே வேறு: எழுதும் பெட்டி காலியாக இருக்கும்போது மேல் அம்பு விசையைத் தட்டினால் கடைசியாக அனுப்பிய செய்தி திருத்தத்துக்குத் திறக்கும். திருத்தி என்டர் தட்டினால் முடிந்தது. மவுஸைத் தொடவே வேண்டாம். பொதுவாக 48 மணி நேரம் வரை திருத்தலாம். ஒற்று விட்டுப்போன செய்தியை மெய்ப்புப் பார்ப்பவருக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா? அவர் அதைத்தான் முதலில் கவனிப்பார்.

ஆனால் சமீப ஆண்டுகளில் வந்தவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால், 2023 அக்டோபரில் வந்த பகுதி மேற்கோளைத்தான் வைத்துக்கொள்வேன். நீண்ட செய்தியில் ஒரு வரியை மட்டும் தேர்ந்தெடுத்து, வலது சொடுக்கில் மேற்கோளோடு பதில் எழுதலாம். பதிலைத் தொட்டால் மூலச் செய்தியில் அந்த வரிக்கே போய் நிற்கும். எங்கள் வேலையை எண்ணிப் பாருங்கள். மெய்ப்புப் பார்ப்பவர் ஓர் அத்தியாயத்துக்கு இருபது திருத்தங்களை ஒரே செய்தியாக அனுப்புவார். முன்பெல்லாம் ‘பதினொன்றாவது திருத்தத்தில் சொல்லியிருக்கிறீர்களே, அது பக்கம் 84ஆ, 48ஆ?’ என்று கேட்க வேண்டியிருந்தது. அவர் எண்ணிப் பார்ப்பார், நான் எண்ணிப் பார்ப்பேன், இரண்டு பேரின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாது. இப்போது அந்த வரியை எடுத்துப் போட்டு ஒரு கேள்விக்குறி வைத்தால் போதும்.

உரையாடல்களை வகைவாரியாகப் பிரித்து வைக்கும் அடைவுகள் 2020இல் வந்தன. அச்சகங்களுக்கு ஒன்று, எழுத்தாளர்களுக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று என்று பிரித்து இடது ஓரத்தில் அடுக்கியிருக்கிறேன். நேரம் குறித்து அனுப்பும் வசதியும் உண்டு. அனுப்பும் பொத்தானின் மேல் வலது சொடுக்குப் போட்டால் வரும். நள்ளிரவில் முடிக்கும் பக்கங்கள் காலை ஒன்பதுக்குப் போய்ச் சேர்வதால் அச்சகத்தாரின் தூக்கமும் கெடுவதில்லை.

ஸ்டோரி, நட்சத்திரங்கள் என்ற டெலிகிராமின் உள் நாணயம், பரிசுகள் என்று 2023லிருந்து வந்த வரிசை எனக்கானது அல்ல. கணினித் திரையில் உரையாடல் பட்டியலின் தலைமாட்டில் ஸ்டோரி வட்டங்கள் வந்து உட்கார்ந்தால் எரிச்சல்தான் வருகிறது. ஒவ்வொன்றாக வலது சொடுக்கில் மறைத்துவிட்டேன். இலவசமாகத் தரும் நிறுவனம் காசு பார்க்க வழி தேடுவது நியாயம்தான். அதை என் வேலை நேரத்தில் கண்ணில் படாமல் வைக்க முடிகிறதா என்பதுதான் எனக்குக் கணக்கு. பெரும்பாலும் முடிகிறது.

இனி எச்சரிக்கை. 2019 மார்ச்சிலிருந்து தனி உரையாடலில் யார் வேண்டுமானாலும் எந்தச் செய்தியையும், எதிராளி எழுதியதையும் சேர்த்து, இரண்டு பக்கமும் அழித்துவிடலாம். கால வரம்பும் இல்லை, தடயமும் இல்லை. அந்தரங்கத்துக்கு நல்லது, தொழிலுக்கு ஆபத்து. கூலி பேசியதும், ‘இந்தப் பக்கங்களுக்கு ஒப்புதல், அச்சுக்குக் கொடுக்கலாம்’ என்று எழுதியதும் ஒருநாள் காணாமல் போகலாம். இதற்கு மருந்து மேசைக் கணினியில்தான் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் வந்த ஏற்றுமதிக் கருவியில், உரையாடலின் மூன்று புள்ளிப் பட்டியலைத் திறந்து, தேதி வரம்பு கொடுத்து, எல்லாவற்றையும் உலாவியில் திறக்கும் ஹெச்டிஎம்எல் பக்கங்களாக இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு புத்தகமும் அச்சுக்குப் போகும் அன்றே அதன் உரையாடலை இறக்கி, அந்தப் புத்தகத்தின் கோப்புறையிலேயே போட்டுவிடுகிறேன்.

பாதுகாப்பு பற்றி விளம்பரங்களை நம்பிவிட வேண்டாம். சாதாரண உரையாடல்கள் முனைக்கு முனை, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி, பூட்டப்பட்டவை அல்ல. சாவி நிறுவனத்திடமும் இருக்கிறது. அப்படிப் பூட்டப்படும் இரகசிய உரையாடல் விண்டோஸ், லினக்ஸுக்கான டெஸ்க்டாப் நிரலில் கிடையாது. கையெழுத்துப்படி அனுப்ப இது போதும். வங்கி விவரமோ ஆதார் நகலோ நான் இதில் அனுப்புவதில்லை. இன்னொன்று, கணினியில் டெலிகிராம் வைத்திருக்கும் ‘டிடேட்டா’ (tdata) என்ற கோப்புறை. உங்கள் உள்நுழைவு முழுவதும் அதற்குள் இருக்கிறது. அதை நகலெடுத்துப் போகிறவர் கடவுச்சொல் கேட்காமலே உங்கள் கணக்குக்குள் நுழைந்துவிடலாம். பென் டிரைவில், நிறுவாமலே ஓடும் போர்ட்டபிள் பதிப்பை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் மனத்தில் வைக்க வேண்டும். அமைப்புகளில் உள்ளூர்க் கடவுக்குறியீடு போட்டுவிட்டால் அந்தக் கோப்புறை பூட்டப்படும். எழுந்து போகும்போது கன்ட்ரோல் விசையையும் எல் (L) விசையையும் சேர்த்துத் தட்டினால் திரையும் பூட்டிக்கொள்ளும்.

2024 ஏப்ரலில் ஒரு கூத்து நடந்தது. ஆபத்தான கோப்பு வகைகளின் பட்டியலில் ‘பிஒய்இசட்டபிள்யூ’ (pyzw) என்று இருக்க வேண்டிய இடத்தில் கடைசி இரண்டு எழுத்துகள் இடம்மாறிக் கிடந்தன. அதனால், பைத்தான் என்ற நிரல்மொழியை நிறுவிய விண்டோஸ் கணினிகளில், அந்த வகைக் கோப்பைச் சொடுக்கினால் எச்சரிக்கை எதுவும் வராமல் நிரல் ஓடிவிடும் என்று தெரியவந்தது. காணொளி போல வேடமிட்டும் அதை அனுப்ப முடிந்தது. ஓர் எழுத்துப்பிழை என்ன செய்யும் என்று மெய்ப்புப் பார்க்கும் நண்பருக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. நிறுவனம் விரைவிலேயே சரிசெய்துவிட்டது. அதற்குப் பிறகு தெரியாதவரிடமிருந்து வரும் கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்று பார்க்காமல் நான் திறப்பதில்லை. தானாகக் கோப்பு இறங்குவதையும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

பட்டியலின் அடியில் புதுப்பிப்புப் பட்டை தெரிந்தால், ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு முந்தைய நெருக்கடியிலும் உடனே அழுத்திவிடுகிறேன். நிரல் மூடித் திறக்கச் சில நொடிகள் போதும். பாதியில் விட்ட செய்தியும் பெட்டிக்குள் அப்படியே இருக்கிறது.