ரேடியோ பட்டனைச் சோதிக்க: கீ டெஸ்ட்டா, மல்டிமீட்டரா?

கார் ரேடியோ, நேவிகேஷன் யூனிட்டில் ஒரு பட்டன் மக்கர் செய்தாலே முழு யூனிட்டையும் மாற்றிவிடுகிறார்கள், பார்க்கவே வயிறெரிகிறது. சோதிக்க இரண்டு வழி இருக்கிறது. முதலில் சர்வீஸ் மெனு, அதாவது மெக்கானிக்குகளுக்கென யூனிட்டுக்குள் மறைந்திருக்கும் மெனு. பல யூனிட்களில் குறிப்பிட்ட இரண்டு மூன்று பட்டன்களைச் சேர்த்துச் சில நொடி அழுத்திப் பிடித்தால் திறக்கும், எவை என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதில் கீ டெஸ்ட் இருந்தால், அழுத்தும் பட்டனின் பெயர் திரையில் வரும், அல்லது பீப் அடிக்கும். எதையும் கழற்ற வேண்டாம், ஐந்து நிமிட வேலை.

ஆனால் சிக்னல் வந்ததா இல்லையா என்பதை மட்டும்தான் அது சொல்லும். என் வண்டியில் அடுத்த ஸ்டேஷனைத் தேடும் சீக் பட்டன் இந்த டெஸ்ட்டில் பாஸ், ஓட்டும்போது மூன்றுக்கு ஒரு தடவைதான் வேலை செய்யும். நடுவில் அழுத்தினால் சரி, இடது ஓரத்தில் அழுத்தினால் ஒன்றுமே இல்லை. அதனால் ஒவ்வொரு பட்டனையும் ஓரங்களிலும் சேர்த்து இருபது தடவையாவது அழுத்துங்கள். வால்யூம் திருகை ஒவ்வொரு கிளிக்காகத் திருப்புங்கள், கூட்டும்போது இடையில் எண் குறைந்தால் பெரும்பாலும் உள்ளே திருகின் சுழற்சியை எண்ணும் என்கோடர் தேய்ந்திருக்கும் அல்லது அழுக்காகியிருக்கும்.

மல்டிமீட்டர் ஸ்டியரிங் பட்டன்களுக்குத்தான் கைகொடுக்கும். பல கார்களில் எல்லாப் பட்டனும் ஒரே ஒயரில் வரும், பட்டனுக்கு ஒரு ரெசிஸ்டன்ஸ், அந்த அளவை வைத்துத்தான் யூனிட் எது எது என்று பிரித்தறிகிறது. யூனிட் பக்கக் கனெக்டரைக் கழற்றி, மீட்டரை ஓம் (ரெசிஸ்டன்ஸ்) அளவில் வைத்து, ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் எண் ஆடாமல் நிற்க வேண்டும். ஏறி இறங்கினால் பெரும்பாலும் காண்டாக்ட் கெட்டிருக்கும். வால்யூமை அழுத்தினால் பாட்டு மாறுகிறதே, அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம், கூடுதலாகச் சேர்ந்த ரெசிஸ்டன்ஸை யூனிட் பக்கத்துப் பட்டன் என்று எடுத்துக்கொள்கிறது.

டச் பட்டனுக்கு மீட்டர் உதவாது. பட்டன் தகவலை டிஜிட்டலாக அனுப்பும் கார்களிலும் அப்படியே, அங்கே காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் லைவ் டேட்டா பார்ப்பதுதான் வழி. அப்புறம், ஸ்டியரிங்கையே பிரிப்பதானால் உள்ளே ஏர்பேக் இருக்கிறது, அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள், ஏர்பேக் ஒயரில் மீட்டர் முனையை வைக்கவே வைக்காதீர்கள்.

என் ஓட்டு கீ டெஸ்ட்டுக்குத்தான், மீட்டர் அதற்குப் பிறகு. சீக் பட்டனைப் பிரித்து, ரப்பரின் அடியில் இருந்த கருப்புக் கார்பன் பொட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். இப்போது இடது ஓரத்தில் இருபது அழுத்தலுக்கும் இருபது பீப்.