ஓநாய் வளர்க்க ஆசையா? எந்த ஓநாய்?

ஓநாயோடு வாழ ஆசைப்படுகிறவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: அசல் ஓநாய், ஓநாய்க்கும் நாய்க்கும் நேரடியாகப் பிறந்த கலப்பு, பல தலைமுறை தாண்டி நிலைத்துவிட்ட இரண்டு ஐரோப்பிய இனங்கள், ஓநாய் ஜாடை மட்டும் உள்ள, பனிநாட்டு வண்டி இழுக்கும் ஹஸ்கி வகை நாய். இந்தியாவில் முதல் வழிக்கு இடமே இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஓநாய் இருக்கிறது. அதனால் பேச்சு பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்கா பக்கம்தான்.

அசல் ஓநாயை மனிதரோடு பழக்க வேண்டுமென்றால் குட்டி கண் திறக்கும் பருவத்திலேயே தாயிடமிருந்து எடுத்து, புட்டிப்பால் கொடுத்து, ராப்பகலாகக் கூடவே இருக்க வேண்டும். ஹங்கேரியின் புடாபெஸ்டில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் அப்படி வளர்த்த ஓநாய்களையும் நாய்களையும் வைத்து ஒரு சோதனை நடத்தி, 2003-ல் வெளியிட்டார்கள். கூண்டுக்குள் இறைச்சி, கயிற்றை இழுத்தால் வெளியே வரும். இரண்டும் சீக்கிரமே கற்றுக்கொண்டன. அப்புறம் கயிற்றை அசையாமல் கட்டிவிட்டார்கள். நாய் கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டு, திரும்பி வளர்த்தவர் முகத்தைப் பார்த்தது. ஓநாய் பெரும்பாலும் கயிற்றையேதான் இழுத்துக்கொண்டிருந்தது. 'துணை' என்று நாம் தேடுவது அந்தத் திரும்பிப் பார்ப்பதைத்தானே? அது வேண்டுமென்றால் அசல் ஓநாய் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறது. மிச்சச் சோறு போட்டு வளர்க்கிற கதையும் அதனிடம் நடக்காது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் நகல்கள் நாய்க்குத்தான் பெருகியிருக்கின்றன என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013-ல் காட்டினார்கள்.

நேரடிக் கலப்பு இதைவிடச் சிக்கல் என்பேன். ஒரே ஈற்றுக் குட்டிகளில் ஒன்று நாய்போல வாலாட்டும், இன்னொன்று ஆளைக் கண்டாலே ஒதுங்கும். எது எப்படி வளரும் என்று விற்பவருக்கே தெரியாது. பிரிட்டனில் முதல் இரண்டு தலைமுறைக் கலப்புக்கு 1976-ன் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டப்படி உரிமம் வேண்டும். அமெரிக்காவில் இந்தக் கலப்புக்கென்று அங்கீகரித்த வெறிநோய்த் தடுப்பூசி கிடையாது. நாய்க்கான ஊசியையே போட்டிருந்தாலும், யாரையாவது கடித்துவிட்டால் போடாததாகவே கணக்கு. கொன்று மூளையைச் சோதிக்கும் நிலை வரலாம். இதை அடைத்து வைக்க வேலிக்குச் செலவழிப்பவர் இதையும் யோசிக்க வேண்டும்.

ஹஸ்கியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊளை, உதிரும் முடி, ஓட்டம் எல்லாம் இருக்கும். ஆனால் சென்னை வெயிலில் அதை ஏசி அறைக்குள் அடைத்து வைப்பதற்குப் பதில் ஒரு நல்ல நாட்டு நாயை வளர்க்கலாம்.

உண்மையான போட்டி முதலில் சொன்ன இரண்டு ஐரோப்பிய இனங்களான சார்லோஸ், செக்கோஸ்லோவாக்கிய வுல்ஃப்டாக் (ஓநாய்நாய்) இரண்டுக்கும் இடையில்தான். இரண்டுமே ஜெர்மன் ஷெப்பர்டும் ஓநாயும் சேர்ந்து வந்தவை. நெதர்லாந்தில் லேண்டர்ட் சார்லோஸ் என்பவர் 1930-களில் தொடங்கியது முதலாவது. நல்ல வேலைக்கார நாய் வேண்டும் என்பது அவர் கணக்கு. வந்ததோ கூச்ச சுபாவமுள்ள, சந்தேகம் வந்தால் விலகி ஓடும் நாய். 1969-ல் அவர் இறந்த பிறகு, 1975-ல்தான் அவர் பெயரிலேயே அங்கீகாரம் கிடைத்தது. இரண்டாவது, செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைக்காவலுக்காக நடந்த சோதனை. 1958-ல் பிரிட்டா என்ற பெண் ஓநாய் முதல் கலப்புக் குட்டிகளை ஈன்றது. 1982-ல் அந்நாட்டின் தேசிய இனமாயிற்று.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சார்லோஸ் பின்கட்டுக்குப் போய்விடும். செக் நாய் முன்னால் வந்து மோந்து பார்த்து, ஆளை எடைபோடும். பயிற்சியிலும் செக் நாய்க்கே என் ஓட்டு: சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஆனால் அதே கட்டளையை மூன்றாம் முறை சொன்னால் 'அதான் செய்துட்டேனே' என்கிற மாதிரி நிற்கும். கூட்டமும் சத்தமும் உள்ள வீட்டுக்குச் சார்லோஸ் வேண்டவே வேண்டாம். நாள் முழுக்க ஆபீஸ் போகிறவருக்கு இரண்டுமே சரிவராது. தனிமையைத் தாங்காத இனங்கள் இவை. வாங்கும் எண்ணம் இருந்தால், இந்த இனத்தில் நன்கு வளர்ந்துவிட்ட நாய் உள்ள ஒரு வீட்டுக்கு முதலில் போய், கதவுக் கைப்பிடிகளையும் சோபாவையும் பாருங்கள்.