மலைமேல் ஏலத் தோட்டத்துக்கு எந்த இணைப்பு: சிம் ரவுட்டரா, டிஷ் ஜோடியா?

கம்பம்மெட்டிலிருந்து போடிமெட்டு வரைக்கும் மலை விளிம்பில் ஏலத் தோட்டம் வைத்திருக்கிற நம்ம ஆட்கள் பலருக்கு வீடு கீழே கம்பத்திலோ தேவாரத்திலோ போடியிலோ இருக்கும், காய் மேலே கேரளாவில் இருக்கும். புற்றடியிலும் போடியிலும் நடக்கிற ஏல விற்பனையில் விலை எப்படிப் போகிறது என்று பார்க்க போன் போதும். ஸ்டோரில் காய் உலர்கிறபோது சூடு 50 டிகிரியைத் தாண்டுகிறதா, ராத்திரி கதவுப் பக்கம் யார் நடமாடுகிறார்கள் என்று கீழே உட்கார்ந்தே பார்க்க வேண்டும் என்றால் மட்டும் மேலே அறுந்து போகாத ஒரு இணைப்பு வேண்டும், அதுவும் கண்டவன் உள்ளே நுழைய முடியாத இணைப்பாக வேண்டும். தோட்டத்து வாசல் வரைக்கும் ஃபைபர் வந்திருந்தால் மேலே படிக்காமல் அதையே வாங்கிவிடுங்கள். வராதவர்களுக்குத்தான் இந்த அலசல்.

முதலில் சிம் போடுகிற 4ஜி, 5ஜி ரவுட்டர். வாங்கின அன்றைக்கே வேலை செய்யும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் விளிம்பில் இருக்கிற தோட்டங்களில் எல்லோரும் சொல்கிற புகார் ஒன்றுதான்: "டவர் ஃபுல்லா காட்டுது, வீடியோ மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு." காரணம் அந்த உயரம்தான். பள்ளத்தாக்கு முழுக்கக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்றால் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று கீழே இருக்கிற டவர் அத்தனையும் உங்கள் ரவுட்டருக்கும் தெரியும், இந்தப் பக்கம் கேரள டவர்கள் வேறு. ஒரே கம்பெனியின் டவர்கள் பெரும்பாலும் ஒரே அலைவரிசையில்தான் பேசுகின்றன, அதனால் ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்கு இரைச்சல். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண் இருக்கும். முதலாவது சிக்னலின் பலம், இரண்டாவது இரைச்சலுக்கு மேலே அது எவ்வளவு தெளிவாக நிற்கிறது என்கிற கணக்கு. ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 80 இருந்து எஸ்ஐஎன்ஆர் 1 அல்லது 2 என்றால் அது சந்தைக்குள் நின்று காதில் கத்துகிற ஆளிடம் விலை கேட்கிற கதை. மைனஸ் 100 ஆகவே இருக்கட்டும், எஸ்ஐஎன்ஆர் 15 வந்தால் கேமரா ஓடும்.

இதற்கு மருந்து பலம் கூட்டுவது இல்லை, மற்ற டவர்களைக் காதில் விழாமல் செய்வது. வெளியே ஆன்டெனா மாட்டுகிற வசதியுள்ள ரவுட்டர் ஒன்று, ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற பேனல் ஆன்டெனா ஒன்று. ஆன்டெனாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எஸ்ஐஎன்ஆர் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டே இருங்கள், சிக்னல் கட்டையைப் பார்க்காதீர்கள். முடிந்தால் அந்த ஒரு டவரிலேயே ரவுட்டரைப் பூட்டிவிடுங்கள். போன் கம்பெனிகள் பிரித்து வைத்திருக்கிற தமிழ்நாடு சர்க்கிளுக்கும் கேரள சர்க்கிளுக்கும் நடுவே ரவுட்டர் தாவித் தாவி, ஒவ்வொரு தாவலிலும் இணைப்பு அறுந்து மறுபடி பதிவாகிற தொல்லை அதோடு போய்விடும்.

நடுவில் ஒரு வார்த்தை, கடையில் "பூஸ்டர்" என்று ஒன்றைத் தள்ளப் பார்ப்பார்கள். வேண்டாம். அனுமதி இல்லாமல் அதை வைப்பது சட்டப்படி குற்றம், தவிர அது இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது, அந்த டவரில் இருக்கிற மற்ற எல்லோருடைய இணைப்பும் கெடும்.

இனி டிஷ் ஜோடி. கீழே கம்பத்து வீட்டு மாடியில் ஃபைபர் இருக்கிறது, அங்கே ஒரு சின்ன டிஷ், மேலே தோட்டத்தில் ஒரு சின்ன டிஷ், இரண்டும் 5.8 கிகாஹெர்ட்ஸில் நேருக்கு நேர் பேசும். 5 கிகாஹெர்ட்ஸில் கூடுதல் அலைவரிசைகளை 2018இல் அரசு உரிமம் தேவையில்லாமல் திறந்துவிட்டது. 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியில் 4 வாட் வரைக்கும் வெளியே விடலாம், இந்த வேலைக்கு அது தாராளம். உங்கள் உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளலாம், பக்கத்துத் தோட்டத்துக்கு மாசக் காசு வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது உரிமம் வேண்டிய தொழில்.

வேகத்தில் டிஷ்தான் ஜெயிக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாயங்காலம் ஊரே ரீல்ஸ் பார்க்கிற நேரத்தில் சிம் ரவுட்டர் தள்ளாடும், டிஷ்ஷுக்கு அந்தக் கவலை கிடையாது. ஆனால் அதற்கு நேர்க்கோட்டுப் பார்வை வேண்டும், அந்தக் கோடு கம்பி மாதிரி மெல்லியது இல்லை, நடுவில் உப்பியிருக்கும். 5 கிலோமீட்டர் தூரத்துக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் நட்ட நடுவில் அதன் ஆரம் சுமார் 8 மீட்டர், அதில் 60 சதவீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். பள்ளத்தாக்குக்கு மேலே போகிற இணைப்புக்கு இது பிரச்சினையே இல்லை, நடுவில் வெறும் காற்றுதான். வேடிக்கை என்னவென்றால் கீழேயிருந்து பல கிலோமீட்டர் தாண்டி வருகிற அந்த இணைப்பு சுகமாக நிற்கும், தோட்டத்துக்குள்ளேயே பங்களாவிலிருந்து ஸ்டோருக்குப் போகிற சின்னத் தூரம்தான் உயிரை எடுக்கும். ஏலத்துக்கு நிழல் வேண்டும், நிழல் மரத்தை நினைத்தபடி வெட்டவும் முடியாது, ஏலமலைக் காட்டுப் பகுதியில் அதற்குக் கெடுபிடி அதிகம். கோடையில் நன்றாக ஓடின இணைப்பு ஜூனில் படுத்துக்கொள்ளும். மழைத்துளி 5 கிகாஹெர்ட்ஸை அவ்வளவாகக் குறைப்பதில்லை, நனைந்த இலைதான் விழுங்குகிறது. செலவை மிச்சம் பிடிக்க மரத்திலேயே டிஷ்ஷைக் கட்டுகிறவர்களும் உண்டு, காற்று அடித்தால் மரம் ஆடும், மரம் ஆடினால் டிஷ் வேறு பக்கம் பார்க்கும், அப்புறம் ராமக்கல்மேட்டுக் காற்றைத் திட்டி என்ன புண்ணியம்? இரும்புக் குழாய் நட்டு, கான்கிரீட் போட்டு நிறுத்துங்கள். அந்தச் சின்னத் தூரத்துக்கு முடிந்தால் மண்ணுக்கடியில் ஃபைபர் ஒயர் இழுப்பதே நல்லது. ஸ்டோர் தகர ஷீட் போட்டது என்றால் வெளியே எவ்வளவு நல்ல வைஃபை இருந்தாலும் உள்ளே வராது, உள்ளேயே வைஃபை பரப்புகிற ஒரு ஆக்சஸ் பாயின்ட் வைக்க வேண்டியதுதான்.

பாதுகாப்பில் நிலவரம் தலைகீழ். சிம் இணைப்பில் டவருக்கும் ரவுட்டருக்கும் நடுவே இருக்கிற பூட்டு நீங்கள் ஒன்றும் செய்யாமலே நன்றாக இருக்கிறது. 2ஜியில் போன் யாரென்று டவர் கேட்கும், டவர் யாரென்று போன் கேட்காது, அதனால் போலி டவர் வைக்க முடிந்தது. 3ஜியிலிருந்து இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. ஆகவே ரவுட்டரில் 2ஜிக்கு இறங்கிக்கொள்கிற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், அவ்வளவுதான் வேலை. டிஷ்ஷில் எல்லாம் உங்கள் பொறுப்பு. ஒடுங்கிய கதிர் என்பதால் யாரும் பிடிக்க முடியாது என்று நினைக்க வேண்டாம், பக்கவாட்டிலும் கொஞ்சம் கசியும். ஏஇஎஸ் குறியாக்கத்தைப் போட்டுவிட்டு, கம்பெனி வைத்து அனுப்பின நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டால், வாசலைப் பூட்டி ஜன்னலைத் திறந்து வைத்ததாகத்தான் அர்த்தம்.

எந்த வழியில் இணையம் வந்தாலும் கடைசி ஐம்பது அடி வைஃபைதான், அங்கேதான் பெரும்பாலான ஓட்டைகள். வைஃபையைப் பூட்டுகிற முறைகளில் டபிள்யூபிஏ2 வந்தது 2004இல், டபிள்யூபிஏ3 2018இல். முன்னதில் ஒரு சாதனம் இணைகிற நேரத்துப் பரிமாற்றத்தைப் பதிவு செய்துகொண்டு போய், வீட்டில் சாவகாசமாக உட்கார்ந்து கடவுச்சொல்லை ஊகிக்கலாம். தோட்டங்களில் முதலாளியின் பத்து இலக்கப் போன் நம்பரே கடவுச்சொல்லாக இருக்கும், கங்காணிக்கும் ஞாபகம் இருக்கும் என்பது சௌகரியம். 6 முதல் 9 வரை எண்ணில் தொடங்குகிற நம்பர்கள் மொத்தமே 400 கோடி. நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று விநாடிக்குப் பத்து லட்சம் ஊகம் போடும், கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே. டபிள்யூபிஏ3இல் ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரிடமே நேரில் வந்து கேட்க வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போகிற வேலை நடக்காது. 2019இல் அதிலும் டிராகன்பிளட் என்ற பெயரில் ஓட்டைகள் வெளிவந்தன, திருத்தங்களும் வந்தன, ஆகவே ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பித்து வையுங்கள்.

சிக்கல் என்னவென்றால் மலிவான கேமராக்களில் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸும் டபிள்யூபிஏ2வும் மட்டும்தான் தெரியும். உடனே எல்லோரும் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையைப் போட்டுவிடுகிறார்கள். கடவுச்சொல் இரண்டுக்கும் ஒன்றே என்பதால், கேமரா பக்கம் பிடித்த பரிமாற்றத்தை உடைத்தால் உங்கள் போன் பக்கமும் திறந்துவிடும். கேமராவுக்குத் தனிப் பெயரில் தனி வைஃபை, இருபது எழுத்துக்குக் குறையாத வேறு கடவுச்சொல், 2.4இல் 1, 6, 11 மூன்றில் ஒரு சேனல், 20 மெகாஹெர்ட்ஸ் அகலம், இப்படிப் பிரித்துவிடுவது எவ்வளவோ மேல். கடவுச்சொல் அடிக்காமலே சாதனத்தை இணைக்கிற டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள், அதன் எட்டு இலக்கப் பின் நம்பர் இரண்டு பாதியாகச் சரிபார்க்கப்படுவதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் விழுந்துவிடும், இது 2011இலேயே தெரிந்த கதை. வைஃபை பெயரை மறைத்து வைப்பது, சாதனத்தின் அடையாள எண்ணான மேக் முகவரியைப் பார்த்து வடிகட்டுவது இரண்டும் சும்மா மனசமாதானம்.

திருட்டுக்குப் பயந்து கேமரா வைக்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சேர்வது, விலகுவது பற்றி ரவுட்டரும் சாதனமும் பேசிக்கொள்கிற மேலாண்மைச் செய்திகளுக்குப் பாதுகாப்பு இல்லாத டபிள்யூபிஏ2 வைஃபையில், கடவுச்சொல் தெரியாதவன்கூட ஒரு சின்ன போர்டை வைத்துக் கேமராவை இணைப்பிலிருந்து உதறிவிடலாம். டபிள்யூபிஏ3இல் அந்தப் பாதுகாப்பு கட்டாயம். ஆனால் அலைவரிசையையே இரைச்சலால் நிரப்பினால் அதுவும் கை கொடுக்காது. ஸ்டோர்க் கதவைப் பார்க்கிற ஒரு கேமராவாவது ஒயரில் இருக்கட்டும், உள்ளே மெமரி கார்டும் இருக்கட்டும்.

வெப்பநிலை மட்டும் தெரிந்தால் போதும், கேமரா வேண்டாம் என்கிறவர்களுக்கு இது எதுவுமே வேண்டாம், சின்ன அளவீடுகளை மட்டும் தூரத்துக்கு அனுப்புகிற லோரா என்ற ரேடியோ முறை போதும். 865 மெகாஹெர்ட்ஸ் என்பதால் இலைக்கு நடுவேயும் 5.8ஐ விட நன்றாகப் போகும், பேட்டரியில் மாசக்கணக்கில் ஓடும், வேகம் விநாடிக்குச் சில கிலோபிட்தான். வாங்கும்போது ஒவ்வொரு முறை சேரும்போதும் புதுச் சாவி உருவாக்குகிற ஓடிஏஏ முறை இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

நான் தேர்ந்தெடுப்பது: பள்ளத்தாக்கு நேராகத் தெரிகிற தோட்டத்துக்கு டிஷ், மரத்துக்குள் புதைந்திருக்கிற தோட்டத்துக்குப் பேனல் ஆன்டெனாவோடு சிம் ரவுட்டர். டிஷ் போடுகிறவர்கள் துலாவர்ஷத்துக்கு, அதாவது வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாலேயே, மின்னல் அதிர்ச்சியைத் தடுக்கிற சர்ஜ் அரெஸ்டரும் நல்ல எர்த்தும் போட்டுவிடுங்கள், அக்டோபர், நவம்பர் மத்தியான இடி டிஷ்ஷிலிருந்து வருகிற ஒயர் வழியாகத்தான் ரவுட்டருக்குள் இறங்கும்.