தூண்டிலா, வீச்சுவலையா: பிள்ளையின் முதல் வேட்டை

எங்கள் தகப்பன்மார் சிறுவயதில் கெற்றப்போல் என்ற உண்டிவில்லோடு பற்றைகளுக்குள் திரிந்த கதைகளை ஆசையோடு சொல்வார்கள். ஆனால் உடும்பையும் பெரும்பாலான பறவைகளையும் காக்கும் கட்டளைச்சட்டம் 1937ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. வடக்கிலுள்ள சுண்டிக்குளமும் 2015இல் தேசியப் பூங்காவாகிவிட்டது. ஆகவே யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்கு வேட்டை பழக்க விரும்பும் பெரியவருக்குக் கடலேரியே பொருத்தமான இடம். அங்கே தூண்டிலில் தொடங்குவதா, வீச்சுவலையில் தொடங்குவதா என்பதே கேள்வி.

பிள்ளையின் கண்ணை முதலில் இழுப்பது வீச்சுவலைதான். வலையின் ஒரு பங்கைத் தோளிலும் மறு பங்கைக் கையிலும் ஏந்தி, இடுப்பைத் திருப்பி வீசும்போது ஈயமணிகள் வட்டமாய் விரிந்து விழும் அழகுக்கு ஈடில்லை. ஆனால் நனைந்த வலையின் பாரம் எட்டு வயதுத் தோளுக்கு அதிகம். இடுப்பளவு நீரில், சேற்றில், திருக்கை கிடக்கக்கூடிய தரையில் காலைத் தூக்கி வைக்காமல் அரைத்து அரைத்து நடக்கவும் தெரிந்திருக்க வேண்டும். வலைக்குள் வருவதும் ஒரு மீனல்ல, ஒரு குவியல். கண்ணியில் செவுள் சிக்கிய குஞ்சுகள் பல, விடுவதற்கு முன்பே செத்துவிடுகின்றன.

தூண்டிலுக்குத் தங்கூசி என்ற நைலோன் நூல், முள், ஈயம், இறால் துண்டு, பொறுமை ஆகியவை போதும். தங்கையின் மகனை ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலேரிக்குக் கூட்டிச் சென்றபோது, நெடுநேரத்துக்குப் பின் விரலளவு கீளி மீன் ஒன்று அகப்பட்டது. "மாமா, இதுக்கு நோகாதே?" என்று கேட்டான். "நோகும், கெதியாய்க் கழட்டுவம்" என்றேன். மீனின் வழுவழுப்பு உரியாதபடி கையை நனைத்துப் பிடித்து, தூண்டில் முள்ளை வந்த வழியே திருப்பி எடுத்து, அவன் கையாலேயே விடச் செய்தேன். ஒற்றை உயிரை முகத்துக்கு நேரே பார்க்கும் அந்த நேரத்தை வலை தருவதில்லை. என் தெரிவு தூண்டிலாக இருப்பதற்கு முதற்காரணம் அதுவே.

தூண்டிலிலும் ஆபத்துண்டு. வீசுமுன் பின்னால் ஆள் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கெளிறு, ஓரா மீன்கள் அகப்பட்டால், அவற்றின் உடல் முள்ளில் விஷம் இருப்பதால், பெரியவரே கழற்ற வேண்டும். மீன் விழுங்கிய தூண்டில் முள்ளை இழுத்துப் பிடுங்காமல், தங்கூசியை வாயருகே நறுக்கிவிடுவதே நல்லது.

பன்னிரண்டு வயதாகி நீந்தவும் தெரிந்த பிறகு வலையைக் கொடுக்கலாம். அதையும் முதலில் வீட்டு முற்றத்து மணலிலேயே, ஒரு தேங்காய் மட்டையைக் குறியாக வைத்து வீசப் பழக்குங்கள்.