பத்தொன்பது கேள்விகள் கேட்ட ஓர் ஆய்விதழ்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். கட்டுரையை எங்கே அனுப்புவது என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் முதலில் சொல்லும் பெயர் கோயம்புத்தூரிலிருந்து வரும் 'ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா'; அழிவு அச்சுறுத்தலில் உள்ள உயிரினங்களைப் பற்றிய ஆய்விதழ். ஏன் என்று ஒருமுறை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் என் பழைய காயத்தைச் சொல்ல வேண்டும். 2016இல், பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை தேவைப்பட்ட அவசரத்தில், மின்னஞ்சலில் வந்த ஓர் அழைப்பை நம்பி ஓர் இதழுக்கு 3,500 ரூபாய் கட்டினேன். நான்கே நாளில் கட்டுரை வெளிவந்தது. யாரும் அதைப் படிக்கவில்லை. தலைப்பிலேயே ஓர் எழுத்துப்பிழை இருந்தது; அது அப்படியே ஏறியிருந்தது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் அந்த இணையதளமே இல்லை. நான் மழையில் நனைந்து சேகரித்த தகவல் இன்று எங்கேயும் கிடையாது. பணம் போனதைவிட அதுதான் வலித்தது.

எங்கள் ஊர்க் குளத்தின் தும்பிகளைப் பற்றிய கட்டுரையைக் கோயம்புத்தூருக்கு அனுப்பியபோது என்னிடம் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. படிப்பவர்களுக்கும் இலவசம்தான். 1999இல் 'ஜூஸ் பிரிண்ட் ஜர்னல்' என்ற பெயரில் தொடங்கி, 2009 முதல் இன்றைய பெயரில் வருகிறது. மாதம் ஓர் இதழ், 26ஆம் தேதி. ஒரு குளம், ஒரு காடு, ஒரு மலைச்சரிவு என்று சிறிய இடங்களைப் பற்றிய பட்டியல்களையும் குறிப்புகளையும் மதித்து வாங்கிக்கொள்கிறார்கள். வெளிநாட்டுப் பெரிய இதழ்களில் இவற்றுக்கு இடம் கிடைப்பது கடினம்.

வெளியிடுவதற்கு முன் கட்டுரையைத் துறை அறிந்தவர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பார்கள். சில மாதங்கள் கழித்து அந்த மதிப்பாய்வு வந்தது. முதல் மதிப்பாய்வாளர் மட்டும் பத்தொன்பது கேள்விகள் கேட்டிருந்தார். அவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எத்தனை நாள் குளத்துக்குப் போனீர்கள், எத்தனை மணி நேரம், கரையில் எவ்வளவு தூரம் நடந்தீர்கள்? ஓர் ஊசித்தும்பியை 'இஸ்க்னூரா அரோரா' என்று எழுதியிருக்கிறீர்களே, நம் நாட்டில் இருப்பதை இப்போது 'இஸ்க்னூரா ருபிலியோ' என்று தனி இனமாகக் கொள்கிறார்கள், பார்த்தீர்களா? ஏழாவது கேள்வி என்னைத் திரும்பக் குளத்துக்கே அனுப்பியது. 'அக்ரியோக்னெமிஸ் பிக்மேயா' என்று நான் பெயரிட்டிருந்த ஊசித்தும்பியை மேலிருந்து எடுத்த படத்தை வைத்து உறுதி செய்ய முடியாது, ஆணின் வால் நுனியைப் பக்கவாட்டில் காட்டுங்கள் என்றார்.

அது ஓர் அங்குலம்கூட நீளமில்லாத பூச்சி. விடியற்காலையில் மடைக்குப் பக்கத்துக் கோரைக்குள் வலையோடு உட்கார்ந்தேன். பிடித்ததும் நான்கு இறக்கைகளையும் சேர்த்து இரண்டு விரல்களுக்கிடையே மெல்லப் பற்றி, பத்து மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸில் பார்த்தேன். வால் நுனியில் நுண்ணிய கொக்கிகள். நூல்களில் வரைபடமாக மட்டும் பார்த்திருந்த அந்தக் கொக்கிகளை உயிருள்ள பூச்சியில் அன்றுதான் பார்த்தேன். படம் எடுத்துவிட்டுப் பறக்க விட்டேன். இத்தனை வருடம் வகுப்பில் வகைப்பாட்டியல் நடத்தியவள், அதைக் கையால் கற்றது அந்த ஒரு கேள்வியால்தான்.

இந்த வேலைக்கு மதிப்பாய்வாளர்களுக்குச் சம்பளம் கிடையாது. அதனால் பொறுமை வேண்டும். அடுத்த மாத நேர்காணலுக்குக் கட்டுரை வேண்டும் என்பவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது.

தரமான ஆய்விதழ்கள் எவை என்று காட்டப் பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் கொண்டுவந்த 'கேர்' பட்டியலை 2025இல் கைவிட்டுவிட்டது. நல்ல இதழ் எது என்று இனி நாம்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். என் மாணவர்களிடம் நான் செய்யச் சொல்வது இதுதான்: எந்த இதழானாலும் நான்கைந்து கட்டுரைகளைத் திறந்து, கட்டுரை வந்து சேர்ந்த தேதியையும் ஏற்கப்பட்ட தேதியையும் பாருங்கள். இடையில் நான்கு நாள்தான் என்றால் அங்கே யாரும் படிக்கவில்லை. பொறுப்பாசிரியர் யார், எந்த நிறுவனத்தில் இருக்கிறார் என்று தேடுங்கள். என் கட்டுரையின் முதல் பக்கத்தில் இந்த விவரமெல்லாம் அச்சாகியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆங்கிலச் சுருக்கத்தோடு உள்ளூர் மொழியிலும் ஒரு சுருக்கம் சேர்க்கலாம். நான் தமிழில் எழுதிச் சேர்த்தேன். வெளிவந்ததும் அச்செடுத்து, குளத்து நீரை வயல்களுக்குத் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எந்த மாதம் எந்தக் கரையில் என்ன பறக்கும் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"எல்லாம் சரிதான் டீச்சர். ஆனால் தும்பி என்று போட்டிருக்கிறீர்களே, நாங்கள் தட்டான் என்றல்லவா சொல்லுவோம்? தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை என்பார்கள்" என்றார்.

இப்போது பக்கத்து ஊர்க் குளத்தைப் பற்றி அடுத்த கட்டுரை தயாராகிவிட்டது. தமிழ்ச் சுருக்கத்தில் 'தட்டான்' என்றே எழுதியிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மடையருகே உட்கார்ந்து அவரிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் திருத்தம் சொன்னார். திருத்திவிட்டு இந்த வாரம் அனுப்புகிறேன்.