பிழிவதா, மூடுவதா, வதக்குவதா? மூன்று கொரிய நாமுல்கள்

கொரியச் சாப்பாட்டு மேசையில் சோற்றையும் சூப்பையும் சுற்றிச் சின்னக் கிண்ணங்களில் வந்து அமரும் பக்க உணவுகளுக்கு பன்ச்சான் என்று பெயர். அவற்றில் கிம்ச்சிக்கு அடுத்தபடியாக அன்றாடம் தென்படுவது நாமுல். கீரை, காய், முளை என்று ஏதாவது ஒன்றைப் பதமாக வேகவைத்து, பூண்டு, வெங்காயத்தாள், சோயா சாஸ் அல்லது உப்பு, வறுத்த எள்ளெண்ணெய், வறுத்த எள் சேர்த்துப் பிசிறினால் நாமுல் தயார். முதன்முதலாகச் செய்ய நினைப்பவர்களுக்குப் பெரும்பாலான சமையல் குறிப்புகள் பாலக்கீரையைத்தான் நீட்டுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. பாலக்கீரை, சோயா முளை, முள்ளங்கி மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எளிது போலத் தெரியும் கீரைதான் ஆளைக் கவிழ்ப்பது.

சேர்மானம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் வித்தியாசம் முழுக்கத் தண்ணீரில்தான் இருக்கிறது. கீரையிலிருந்து தண்ணீரை வெளியேற்ற வேண்டும். முளைக்கு ஆவியை அடக்க வேண்டும். முள்ளங்கியை அதன் தண்ணீரிலேயே வேகவிட வேண்டும்.

சிகும்ச்சி நாமுல் எனப்படும் கீரை வகைக்கு 300 கிராம் பாலக்கீரை எடுத்துக்கொள்ளலாம். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது சிறிது உப்புப் போட்டு, கீரையின் தண்டுப் பகுதியை முதலில் இறக்கி, முப்பது நாற்பது விநாடிகளில் எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டுவிட வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினால் குழைந்துவிடும். கொதிநீரில் முக்கும்போது கீரையின் ஆக்சாலிக் அமிலத்தில் ஒரு பகுதி நீரில் இறங்கிவிடுகிறது. பல்லில் நறநறவென்று ஒட்டும் அந்த உணர்வு குறைவது அதனால்தான். ஆகவே அந்தத் தண்ணீரை சூப்புக்கு எடுத்து வைக்கும் சிக்கனம் இங்கே வேண்டாம்.

அடுத்தது பிழிதல். கீரை நாமுல் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தண்டுகளை ஒரே பக்கமாக அடுக்கிப் பிடித்து, தண்டிலிருந்து நுனியை நோக்கி இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டே வர வேண்டும். முதலில் தெளிந்த நீர் கொட்டும், பிறகு பச்சையாகச் சொட்டும். சொட்டுவது நின்றதும் கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேலும் முறுக்கினால் இலைகள் கயிறாகத் திரிந்துகொள்ளும், உப்பு உள்ளே இறங்காது. அரைகுறையாகப் பிழிந்தாலோ, சற்று நேரத்தில் கிண்ணத்தின் அடியில் பச்சை நீர் தேங்கி, அதன்மேல் எண்ணெய் மிதக்கும். பிழிந்த உருண்டையை மூன்று நான்கு துண்டாக நறுக்கி, விரலால் உதிர்த்துவிட்ட பிறகே மற்றவை: இரண்டு தேக்கரண்டி சோயா சாஸ், அரைத் தேக்கரண்டி நசுக்கிய பூண்டு, பொடியாக அரிந்த வெங்காயத்தாள். எண்ணெய் எப்போதும் கடைசியில். முதலிலேயே ஊற்றினால் இலைமேல் படலமாகப் படிந்து உப்பை உள்ளே விடாது.

இதில் சோயா சாஸ் என்றால் எந்த சாஸும் ஆகாது. கொரியாவில் இதற்குப் பயன்படுவது குக் கான்ஜாங் எனப்படும் சூப்புக்கான சாஸ். சோயாவை வேகவைத்து இடித்துக் கட்டியாக்கிப் புளிக்கவைத்த மேஜுவை உப்புநீரில் ஊறப்போட்டு எடுப்பது. நிறம் வெளிர், உப்பு அதிகம், இனிப்பு இல்லை. கடையில் கிடைக்கும் கறுத்த, இனித்த சாஸை ஊற்றினால் கீரை பழுப்பாகிவிடும், சுவையும் மந்தமாகும். சரியான சாஸ் கிடைக்காதபோது உப்பையே முதன்மையாக வைத்து, வெளிர்நிற சோயா சாஸைச் சில சொட்டுகள் விட்டால் போதும்.

பருவமும் கீரையின் காலை வாரிவிடும். கொரியாவில் கீரை நாமுல் உச்சத்தில் இருப்பது குளிர்காலத்தில். போஹாங், நாம்ஹே, சினான் மாவட்டத்தின் பிகும் தீவு ஆகிய இடங்களில் கடற்காற்றுக்கு ஒடுங்கி, தரையோடு தரையாகப் படர்ந்து வளரும் கீரைக்குத் தனி மதிப்பு. குளிரில் உறைந்துவிடாமல் இருக்கச் செடி சர்க்கரையைச் சேர்த்துக்கொள்வதால் அதற்கு இயல்பாகவே ஓர் இனிப்பு உண்டு. வேர் முனை இளஞ்சிவப்பாக இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் அதை வெட்டி எறியாமல், நான்காகப் பிளந்து கழுவிச் சேர்த்துக்கொள்வார்கள். கோடைக் கீரையில் இந்தச் சுவை கிடையாது.

சோயா முளைக்குப் பருவமே இல்லை. அடியில் துளையிட்ட மண்பானையில் சோயாவைப் போட்டு, கறுப்புத் துணியால் மூடி, நாளைக்குப் பலமுறை தண்ணீர் ஊற்றி வந்தால் ஒரு வாரத்துக்குள் முளை நீண்டுவிடும். வெளிச்சம் பட்டால் மஞ்சள் தலை பச்சையாகிவிடும் என்பதற்காகத்தான் அந்தத் துணி. விலையும் மலிவு.

கொங்நாமுல் எனப்படும் இந்த முளையில் பிழிய எதுவும் இல்லை. 300 கிராம் முளைக்கு ஒரு கப் தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு. மூடி போட்டு அடுப்பில் வைத்து, ஆவி வரத் தொடங்கியபின் ஐந்து நிமிடம். ஒரே ஒரு விதிதான் உண்டு. மூடினால் கடைசிவரை மூடியே இருக்க வேண்டும், திறந்தால் தொடக்கத்திலிருந்தே திறந்திருக்க வேண்டும். பாதியில் எட்டிப் பார்த்தால் பச்சை வாடை ஒட்டிக்கொள்ளும். சோயாவில் உள்ள லைபாக்சிஜனேஸ் என்ற நொதி கொழுப்போடு வினைபுரிந்து எழுப்பும் வாடை அது. சூடு விறுவிறுவென்று ஏறினால் நொதி செயலிழந்துவிடும். நடுவில் மூடியைத் திறந்து சூட்டை இறக்கினால் அதற்கு வேலை செய்ய அவகாசம் கிடைத்துவிடுகிறது. முதலிலிருந்தே திறந்து வேகவைத்தால் வாடை ஆவியோடு போய்விடுகிறது. கண்ணாடி மூடி இருந்தால் கை துறுதுறுப்பவர்களுக்கு நல்லது. வெந்ததை வடித்து, உப்பு, பூண்டு, வெங்காயத்தாள், எண்ணெய், எள் சேர்த்துப் பிசிறினால் முடிந்தது. காரம் வேண்டுமென்றால் கொச்சுகாரு என்ற கொரிய மிளகாய்த் தூள் ஒரு தேக்கரண்டி. நம் வீட்டு மிளகாய்த் தூளை அதே அளவில் போட்டால் சாப்பிட முடியாது.

சோயா முளை கிடைக்காத ஊரில் பச்சைப்பயறு முளையை வைத்துச் சமாளிக்கலாமா? தாராளமாக. கொரியர்களும் அதைச் சாப்பிடுகிறார்கள், அதற்கு சுக்ஜு என்று பெயர். பல நாமுல்களைச் சோற்றின்மேல் அடுக்கிப் பிசைந்து சாப்பிடும் உணவுக்கு பிபிம்பாப் என்று பெயர். ஜொன்ஜு நகரத்துப் பிபிம்பாப்பில் சோயா முளை, ஜின்ஜு நகரத்துப் பிபிம்பாப்பில் பயறு முளை என்பது இரண்டு ஊர்களுக்கும் உள்ள வழக்க வேறுபாடு. ஆனால் பயறு முளைக்கு ஒரு நிமிடக் கொதியே அதிகம், கெடுவதும் சீக்கிரம். அன்று செய்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

முள்ளங்கி இந்த இரண்டிலிருந்தும் விலகி நிற்கிறது. மற்ற இரண்டும் வெந்தபின் கையால் பிசிறப்படுபவை, இது சட்டியிலேயே முடிந்துவிடும். 400 கிராம் முள்ளங்கியைத் தீக்குச்சியைவிடச் சற்றுத் தடிமனாக அரிந்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் உப்புப் போட்டுப் பிரட்ட வேண்டும். இரண்டு நிமிடத்தில் வெண்மை மங்கி, ஓரங்கள் கண்ணாடி போலாகும். அப்போது பூண்டும் துளி இஞ்சியும் சேர்த்து, மூடி, தீயைக் குறைத்துவிட்டால், அதிலிருந்து ஊறும் நீரிலேயே ஆறேழு நிமிடத்தில் வெந்துவிடும். அடியில் இரண்டு கரண்டி சாறு தேங்கி நிற்கும், அதை வற்றவிடக் கூடாது. சுடுசோற்றில் அந்தச் சாறு விழும்போதுதான் இந்த நாமுலின் அருமை தெரியும். மெல்லியதாக அரிந்துவிட்டு அடிக்கடி கிளறினால் கூழாகிவிடும் என்பது தவிர இதில் பெரிய ஆபத்து இல்லை. கொரிய முள்ளங்கி குட்டையாகவும் தடித்தும், மேல்பக்கம் பச்சையோடியும் இருக்கும். அந்தப் பச்சைப் பகுதி இனிப்பு, அடிப்பகுதி காட்டம். நம் ஊர் நீள முள்ளங்கியில் காட்டம் தூக்கலாக இருந்தால் ஒரு சிட்டிகை சர்க்கரை.

எண்ணெயைப் பற்றித் தமிழ்ச் சமையலறைக்கென்று ஒரு வார்த்தை. செக்கில் ஆட்டும் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளிலிருந்து வருவது. கொரிய எள்ளெண்ணெய் நன்றாக வறுத்த எள்ளிலிருந்து வருவது. இரண்டும் எள்தான், மணம் வேறு. நல்லெண்ணெயைத்தான் ஊற்றப்போகிறீர்கள் என்றால், ஒரு மேசைக்கரண்டி எள்ளைச் சிவக்க வறுத்து, பாதி நொறுங்கும்படி இடித்துச் சேருங்கள். பாதிக்கும் மேல் ஈடுகட்டிவிடும். முள்ளங்கிக்கு, பெரில்லா என்ற செடியின் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெயே பொருத்தம் என்பவர்கள் கொரியாவில் நிறையப் பேர். சீக்கிரம் காறிப்போகும் எண்ணெய் என்பதால் அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பார்கள்.

பூண்டு இல்லாமலும் நாமுல் உண்டு. முன்னோருக்குப் படைக்கும் சடங்கு மேசையில் வெள்ளை, பழுப்பு, பச்சை என்று மூன்று நிற நாமுல் வைக்கிறார்கள். அவற்றில் பூண்டும் மிளகாயும் சேர்ப்பதில்லை. பௌத்த மடங்களில் விலக்கப்பட்ட ஐந்து காட்டமான பொருள்களில் பூண்டும் வெங்காயத்தாளும் அடக்கம். ஐந்தாவதாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் பெருங்காயம் என்றே கொள்ளப்படுகிறது! பூண்டை எடுத்துவிட்டால் மூன்றில் அதிகம் இழப்பது சோயா முளை, கொஞ்சமும் அசராதது முள்ளங்கி.

எடுத்து வைத்துச் சாப்பிடவும் முள்ளங்கியே முந்துகிறது. குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள் தாங்கும், ஆறினாலும் ருசி குறையாது. முளை இரண்டு நாள். கீரை மறுநாளே நீர்விட்டுத் துவண்டுவிடும்.

ஆகவே முதல்முறை செய்பவருக்கு என் ஓட்டு முள்ளங்கிக்கு. சோயா முளை கிடைக்கும் ஊரென்றால், வேலைநாள் மாலைக்கு அதுவே போதும். கீரை, கை பழகிய பிறகு, இளங்கீரை கிடைக்கும் நாளில். பிபிம்பாப்புக்காக மூன்றையும் ஒரே வேளையில் செய்வதானால் முள்ளங்கியை முதலில் அடுப்பில் ஏற்றி, பக்கத்து அடுப்பில் முளையை மூடி வைத்துவிட்டு, கீரையைக் கடைசியாக எடுங்கள். அதைப் பிழிய இரண்டு கைகளும் வேண்டியிருக்கும்.